டி.டி. ஊசி போட்டாச்சு, அப்புறம் ஏன் கால் வீங்குது?

வெண்ணாற்றங்கரை · செவ்வாய், இரவு 8:40

ஊர் மன்னார்குடி பக்கம், நான் இருக்கிறது திருப்பூர்ல. அம்மாவுக்கு 58 வயசு. சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, மாத்திரைதான், இன்சுலின் கிடையாது. சனிக்கிழமை தாளடி நடவுக்குப் போன இடத்துல நத்தை ஓடு கிழிச்சு, வலது பாதத்துல பெருவிரலுக்குக் கீழ ஒரு வெட்டு. அரை இஞ்சுகூட இருக்காதாம். வாய்க்கால் தண்ணியில அலசிட்டு, வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு, மிச்ச நடவையும் முடிச்சிட்டுத்தான் கரையேறியிருக்காங்க. மறுநாள் ஊர்ல ஊசி போடுறவர்கிட்டப் போய் டி.டி. போட்டாச்சு.

இன்னைக்கு வீடியோ கால்ல காலைக் காட்டச் சொன்னேன். பாதத்து மேல்பக்கம் பளபளன்னு வீங்கி கணுக்கால் வரைக்கும் வந்திருக்கு. வலி பெருசா இல்லையாம். தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு, நேத்து ராத்திரி குளிர் காய்ச்சல். "டி.டி. போட்டாச்சுடி, ரெண்டு நாள்ல வாடிடும்"ங்கிறாங்க. தம்பி வியாழக்கிழமை லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றான். அதுவரைக்கும் என்ன மாத்திரை குடுக்கலாம்?

நைட் டூட்டி · செவ்வாய், இரவு 8:52

தோழி, வியாழக்கிழமை வரைக்கும் வேண்டாம். இன்னைக்கு ராத்திரியே போகச் சொல்லுங்க. வண்டி இல்லன்னா 108-ஐக் கூப்பிடுங்க, இதுக்கெல்லாம் கூப்பிடலாமான்னு யோசிக்கவே வேண்டாம். மாத்திரை இங்க யார் எழுதினாலும் குடுக்காதீங்க.

வலி இல்லங்கிறதை நல்ல சேதியா எடுத்துக்காதீங்க. பல வருஷ சுகர்ல பாதத்து நரம்பு மரத்துப் போயிடும். செருப்பைத் துளைச்சு ஆணி காலுக்குள்ள ஏறியிருக்க, பஸ் ஏறி வந்து எங்க வார்டு வாசல்ல உக்காந்து சாவகாசமா செருப்பைக் கழட்டின பெரியவர் ஒருத்தர் உண்டு. கழட்ட வரலைன்னதும்தான் குனிஞ்சு பாத்தார்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வீக்கமும் செவப்பும் எங்க முடியுதோ அங்க பேனாவால கோடு போட்டு, பக்கத்துல மணி எழுதச் சொல்லுங்க. நம்ம நிறத்துக்குச் செவப்பு சரியாத் தெரியாது. புறங்கையால ரெண்டு காலையும் மாத்தி மாத்தித் தொட்டா அனலடிக்கிற இடம் தெரியும். ஆஸ்பத்திரியில பாக்கும்போது கோட்டைத் தாண்டியிருந்தா எவ்வளவு வேகமா ஏறுதுன்னு டாக்டருக்குக் கணக்குக் கிடைக்கும். சுகர் மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போகணும்.

காலுக்கு ஒத்தடம் எதுவும் குடுக்க வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, கொப்பளம் போட்டப்புறம்தான் தெரியும்.

பட்டறை மணி · செவ்வாய், இரவு 9:05

ஏனுங்க, இத்தனூண்டு கீறலுக்கு 108-ஆ? அந்தம்மாவுக்குச் சுகர், காய்ச்சல் இருக்குது, போகட்டும், வேண்டாங்கல. ஆனா பொதுவா ஜனங்களை இப்படிப் பயமுறுத்தக் கூடாதுங்க. நான் கோயமுத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கறேன். கை பூராவும் தழும்புதான். இரும்புச் சுருள் கிழிக்காத நாளே கிடையாது. வேஸ்ட் துணியில ஆயிலைத் தொடச்சுட்டு இன்சுலேசன் டேப்பைச் சுத்திக்கிட்டு அடுத்த ஜாப்பைப் பாக்கப் போயிருவோம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பசங்க எல்லாத்துக்கும் டி.டி. போட்டு உட்டர்றேன். இன்னைய வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல.

வெண்ணாற்றங்கரை · செவ்வாய், இரவு 9:11

பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுத்துட்டு வர்றார். அம்மா திட்டிக்கிட்டே கிளம்புறாங்க. கோடு போட்டாச்சு. நன்றி அக்கா.

ஜி.ஹெச். கத்தி · செவ்வாய், இரவு 11:30

இப்போதுதான் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வந்தேன். நைட் டூட்டி சொன்னது சரி, கிளம்பியதும் சரி.

தலைப்பிலேயே கேள்வி இருப்பதால் அதற்கு வருகிறேன். டி.டி. ஊசி ரண ஜன்னி (டெட்டனஸ்) என்ற ஒரே ஒரு நோயைத்தான் தடுக்கும். அதற்குக் காரணமான கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாகக் கிடக்கிறது. ஆழமான குத்துக்காயத்துக்குள் காற்றுப் புகாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். தாடை பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். பெரும்பாலும் 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் தொடங்கும். துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பளபளக்கும் புது ஆணி மண்ணில் கிடந்திருந்தாலும் இதே ஆபத்துதான். கருவேல முள்ளுக்கு ஏது துரு?

காயத்தில் சீழ் வைப்பதும், வீக்கம் மளமளவென்று மேலே ஏறுவதும் வேறு கிருமிகளின் வேலை. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நம் தோலிலும் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருப்பவை. இவற்றுக்குத் தடுப்பூசி எதுவும் புழக்கத்தில் இல்லை. பத்து டி.டி. போட்டாலும் இவை கண்டுகொள்ளாது. நான் கால் எடுத்த நோயாளிகளில் "டி.டி. போட்டாச்சே சார்" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த ஊசி கெடுதல் செய்யவில்லை. அது கொடுத்த தைரியத்தில் அடுத்து வந்த நாட்களில் யாரும் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

மணி அவர்களுக்கு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி. என்பது நம் ஊரில் எப்படியோ பரவிவிட்ட வழக்கம். அடிப்படைத் தவணைகளை முழுமையாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால்தான் அடுத்தது. மண், சாணம் பட்ட காயம் அல்லது ஆழமான குத்து என்றால் 5 வருடம். அடிக்கடி போட்டால் கை வீங்கி வலிக்கும், கூடுதல் பலன் கிடையாது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் ஆரம்பித்தது. அதற்கு முன் பிறந்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் டி.டி. கிடைத்திருக்க வாய்ப்புண்டு. அதே வயது ஆண்களில் பலர், காயம் பட்டபோதெல்லாம் ஒற்றை ஊசி போட்டுக்கொண்டதோடு சரி. அடிப்படையான மூன்று தவணையை முறையாக முடித்திருக்க மாட்டார்கள். 2015-ல் பிரசவத் தாய்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வயல் வரப்பில் நடக்கும் அறுபது வயது ஆண் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பழைய பஞ்சாங்கம் · புதன், காலை 6:15

டாக்டர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் காலத்தில் அரிவாள் பட்டால் வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கிச் சாறு பிழிவோம். எரியும், ரத்தம் நின்றுவிடும், மூன்றாம் நாள் பொருக்கு தட்டிவிடும். வீட்டில் என்றால் மஞ்சளும் நல்லெண்ணெயும். காயத்தில் தண்ணீரே காட்ட மாட்டோம், தண்ணீர் பட்டால் சீழ் கோத்துக்கொள்ளும் என்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் கால் போகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஊசி, மாத்திரை. எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கும்?

நைட் டூட்டி · புதன், காலை 7:40

ஐயா, வணக்கம். வீட்டுக்கு வந்து இதை எழுதிட்டுத்தான் தூங்கணும்.

வெட்டுக்காயப் பூண்டு ரத்தத்தை நிறுத்துறதை நானும் பாத்திருக்கேன், எங்க ஆச்சியே போட்டிருக்காங்க. அந்தச் செடியைக் குறை சொல்ல வரல. அது முளைக்கிறது மாடு சாணி போடுற வரப்புல. அந்த இலையைச் சேறு பட்ட கையால கசக்கித் திறந்த காயத்துக்குள்ள பிழியுறப்போ சாறு மட்டுமா உள்ள போகுது? மஞ்சளும் அப்படித்தான். கிருமியை எதிர்க்கிற குணம் அதுக்கு உண்டுன்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. ஆனா நம்ம அஞ்சறைப் பெட்டியில கிடக்கிற மஞ்சப்பொடி எத்தனை கை பட்டது, எத்தனை மாசமாத் திறந்து மூடினது! காப்பித்தூள், சுண்ணாம்பு, டூத் பேஸ்ட், மண்ணெண்ணெய் எல்லாத்தையும் காயத்துல இருந்து கழுவி எடுத்திருக்கேன். ரொம்பக் கஷ்டம் காப்பித்தூள்தான், சதையோட பிசினா ஒட்டிக்கும். பஞ்சை வச்சுத் துடைக்கத் துடைக்க அந்த மனுஷன் கத்தின கத்து!

தண்ணி விஷயத்துல மட்டும் நான் நேர் எதிர், மன்னிச்சுக்கோங்க. தண்ணி காட்டாததுனாலதான் பாதிக்குப் பாதி சீழ் பிடிக்குது. குடிக்கிற அளவுக்குச் சுத்தமான குழாய்த் தண்ணியைத் திறந்து விட்டு, அஞ்சு நிமிஷம் காயத்து மேல ஓட விடணும். சுத்தி இருக்கிற தோலுக்குச் சோப்பு போடணும். ஆஸ்பத்திரி சலைன்ல கழுவினதுக்கும் நல்ல குழாய்த் தண்ணியில கழுவினதுக்கும் பலன்ல வித்தியாசம் இல்லன்னு பல ஆய்வுல பாத்துட்டாங்க. ஓடுற தண்ணியோட வேகம்தான் மண்ணையும் கிருமியையும் அடிச்சுட்டுப் போகுது. மருந்து அதுக்கப்புறம்தான். நுரை வர்ற ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊத்தினா புதுசா வளர்ற சதையும் வெந்துபோகும். பவுடர் கொட்டினா மேல ஓடு மாதிரி காஞ்சுக்கும், உள்ள சீழ் நிக்கிறது தெரியாது.

கழுவினதும் ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, அயோடின் களிம்பு லேசாத் தடவி மூடி வைங்க. "காத்தாட விடு" சொல்றதும் தப்புதான். மூடின காயம் சீக்கிரம் ஆறும், ஈயும் உக்காராது. கட்டு நனைஞ்சாலோ அழுக்கானாலோ மாத்தணும், இல்லன்னா தினம் ஒரு தடவை. மாத்தும்போது உள்ள இருக்கிறதை உத்துப் பாருங்க. பாதிப் பேர் வேற பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கட்டு மாத்துவாங்க.

நாகை இறால் · புதன், காலை 9:20

எங்க பக்கம் மீன் முள்ளுதான். கெளுத்தி முள்ளு குத்தினா தோள்பட்டை வரைக்கும் கடுக்கும், பெரிய ஆம்பளையே அழுவான். சூடு தாங்குற அளவு வெந்நியில கையை முக்கி வச்சிருந்தா கடுப்பு இறங்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இதான் வைத்தியம். இதுவும் தப்புன்னு சொல்லுவீங்களோ?

ஜி.ஹெச். கத்தி · புதன், மதியம் 2:10

இல்லை, அது முழுக்கச் சரி. கெளுத்தி முள்ளில் இருக்கும் நஞ்சு சூட்டில் சிதையும். 45 டிகிரி அளவில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கச் சொல்லித்தான் மருத்துவப் புத்தகமும் சொல்கிறது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குத்துப்பட்ட கை சூட்டை ஏமாற்றும், அதனால் நல்ல கையை விட்டுப் பார்த்த பிறகு முக்குங்கள்.

கடுப்பு இறங்கியதோடு விட்டுவிடாமல் முள் நுனி உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடல், கழிமுகத் தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு கிருமி உண்டு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் அதற்கு உகந்த இடம். பெரும்பாலானவர்களுக்கு அது எதுவும் செய்யாது. ஆனால் குடித்துக் குடித்து ஈரல் கெட்டவருக்கு இறால் கொம்பு கீறிய இடத்தில் அது புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் கால் கறுத்துக் கொப்பளம் போட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். உங்கள் துறைமுகத்தில் மஞ்சள் காமாலை வந்து போனவர், வயிற்றில் நீர் கோத்தவர் யாராவது வலை பிரித்துக்கொண்டிருந்தால் அவர் காலில் உள்ள சிரங்கைக்கூடச் சாதாரணமாக விடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை · புதன், மதியம் 3:35

நேத்து ராத்திரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நானும் காலையில வந்துட்டேன். போய்ச் சேர்றதுக்குள்ளயே பேனாக் கோட்டை ரெண்டு விரற்கடை தாண்டியிருந்துச்சு. சுகர் 412. செல்லுலைட்டிஸ்னு, அதாவது தோலுக்கு அடியில கிருமி பரவுறதுன்னு சொல்லி, நரம்பு வழியா மருந்து ஏத்துறாங்க. வெட்டு இருந்த இடம் மேல மூடியிருந்தது, அழுத்தினதும் சீழ் வந்துச்சாம். காலையில கீறி விட்டாங்க. உள்ள புரை ஓடியிருந்துச்சு. நகக்கண் அளவுக்கு நத்தை ஓட்டுத் துண்டு ஒண்ணு அதுக்குள்ள கிடந்து எடுத்திருக்காங்க. சிஸ்டர் காஸ் துணியில வச்சுக் காட்டினாங்க, பாக்க வெள்ளைச் சோறு மாதிரி இருக்கு.

சீழை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. எலும்புக்குப் போகலைன்னு எக்ஸ்ரே பாத்துச் சொன்னாங்க. அம்மா முழிச்சிருக்காங்க, பக்கத்து பெட்டுக்காரங்ககிட்ட நடவுக் கூலி பாக்கி பத்திப் பேசிட்டு இருக்காங்க.

பட்டறை மணி · புதன், மாலை 6:00

அம்மா நல்லாகி வரட்டுமுங்க, அதுதான் முக்கியம். ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. எல்லாக் கீறலுக்கும் ஓட முடியாது. எதுக்குப் போகோணும், எதுக்கு வேண்டாம்? அதைச் சொல்லுங்க.

ஜி.ஹெச். கத்தி · புதன், இரவு 10:15

நியாயமான கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான கீறல்கள் கழுவி மூடினாலே ஆறிவிடும். அதற்கெல்லாம் வந்து வரிசையில் நிற்க வேண்டாம். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "காயத்துக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கும் அந்த ரெண்டு மாத்திரை நோயைக் குணமாக்காது, கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும். அதோடு ஒரு வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். காய்ச்சலும் வலியும் ஒரு நாள் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

காயத்தின் அளவை விட, யாருக்குப் பட்டது, எதனால் பட்டது, எந்த இடத்தில் பட்டது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சுகர் உள்ளவர் பாதத்தில் என்றால் அளவே பார்க்காமல் அன்றே காட்ட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரும் அப்படித்தான். நாய், பூனை, குரங்கு கடித்தாலோ நகத்தால் பிறாண்டினாலோ, ஏற்கெனவே உள்ள காயத்தை நக்கினாலோகூட 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். அங்கே நாளை என்ற பேச்சே கிடையாது. சண்டையில் குத்தும்போது எதிராளி பல்லில் பட்டு விரல் மொழி கிழிந்ததென்று ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். கால் இஞ்ச் காயம்தான், ஆனால் மனித வாய்க் கிருமி மூட்டுக்குள்ளேயே போயிருக்கும். "கதவுல இடிச்சேன்" என்றுதான் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் விரல் தப்பும், போலீஸை நான் கூப்பிட மாட்டேன்.

உங்கள் பட்டறைக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும், மணி. கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸ், பெயின்ட் ஸ்ப்ரே. அழுத்தத்தில் வரும் எண்ணெய் விரல் நுனியில் பீய்ச்சி அடித்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும். ரத்தம்கூட வராது. முதல் ஒரு மணி நேரம் வலியும் குறைவு. பையன் துடைத்துக்கொண்டு வேலை பார்ப்பான். அந்த எண்ணெய் தசைநாண் உறையோடு உள்ளங்கை வரை ஓடியிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலை எடுக்கும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். பெயின்ட், தின்னர் என்றால் இன்னும் மோசம். உங்கள் தொழிலில் இருப்பதிலேயே ஆபத்தான காயம் கண்ணுக்கே தெரியாத இதுதான்.

பட்ட பிறகு கவனிக்க வேண்டியது: இரண்டாம் நாள் வலி குறைய வேண்டும். குறையாமல் விண் விண் என்று தெறித்தாலோ, செவப்பு பரவினாலோ, கோடு போல மேலே ஏறினாலோ, நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வாருங்கள். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் நோயாளி வலியில் துடிக்கிறார் என்றால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். தோலுக்கு அடியில் சதையுறை அழுகிக்கொண்டு போகிறது என்று பொருள். அதற்கு மருந்து மட்டும் போதாது. அன்றைக்கே கத்தி வைக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ஓலைச்சுவடி · வியாழன், காலை 8:30

வரலாற்றுப் பைத்தியம் என்று திட்டினாலும் பரவாயில்லை, இரண்டு செய்தி. 1924 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் மகன், 16 வயதுப் பையன், சாக்ஸ் இல்லாமல் ஷூ மட்டும் போட்டுக்கொண்டு வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் கொப்பளம். அதில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்து ஜூலை 7 அன்று இறந்துபோனான். நாட்டிலேயே பெரிய டாக்டர்கள் சுற்றி நின்றார்கள், கையில் மருந்து இல்லை. பெனிசிலினை ஃபிளெமிங் கண்டதே 1928-ல்தான்.

அதை முதன்முதலில் தொற்று நோய்க்காக நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டவர்களில் ஆக்ஸ்ஃபோர்டு போலீஸ்காரர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் முக்கியமானவர், 1941 பிப்ரவரியில். ரோஜா முள் கீறியதில் வந்தது என்பது பிரபலமான கதை, குண்டுவீச்சில் பட்ட காயம் என்றும் சொல்கிறார்கள். மருந்து ஏற்றியதும் தேறினார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தும் போதவில்லை, மார்ச்சில் இறந்தார்.

பஞ்சாங்கம் ஐயா, அந்தக் காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறோம். போனவர்கள் வந்து சொல்ல மாட்டார்களே, ஐயா.

பழைய பஞ்சாங்கம் · வியாழன், காலை 9:02

என் சித்தப்பா ஒருவர் ஏர் ஓட்டும்போது கொழுமுனை குத்தி ஜன்னி கண்டு போனதாகச் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன். அதை நினைக்காமல் எழுதிவிட்டேன். செடியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, கழுவிவிட்டுப் போடுவேன்.

யாழ் தம்பி · வியாழன், முற்பகல் 11:45

அக்கா, அம்மா சுகமாகி வரவேணும். எங்கட பக்கம் வயலுக்க இறங்குற ஆக்களுக்கு இன்னொரு பயம் எலிக்காய்ச்சல். எலிச் சலம் (சிறுநீர்) கலந்த தண்ணி, காலில இருக்கிற சின்ன வெடிப்பு, கீறலுக்குள்ளால உடம்புக்குள்ள போயிடும். அதுக்காக விதைப்பு, அறுவடைக் காலத்தில ஆபத்து இருக்கிற இடங்களில சுகாதாரப் பரிசோதகர் வந்து டொக்சிசைக்கிளின் குளிசை குடுப்பினம், கிழமைக்கு ஒருக்கா. அங்க தமிழ்நாட்டில அப்பிடி இருக்கோ?

ஜி.ஹெச். கத்தி · வியாழன், மதியம் 1:20

வெள்ளம் வடிந்த பகுதிகளில், நோய் தலைகாட்டும் இடங்களில் கொடுப்பதுண்டு தம்பி. தானாக வாங்கிப் போடும் மாத்திரை அல்ல, கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது.

வயல் என்றதும் இன்னொன்று. மெலியோய்டோசிஸ். சேற்று மண்ணிலேயே வாழும் கிருமி, மழைக்காலத்தில் கூடும், சுகர்காரரைத் தேடிப் பிடிக்கும். தோல் கீறல் வழியாகவும் போகும். நுரையீரலில், ஈரலில், மண்ணீரலில் சீழ்க்கட்டி வைக்கும், காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் அதனிடம் செல்லாது. குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழி மருந்து, அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை. அதனால்தான் வெண்ணாற்றங்கரை, உங்கள் அம்மாவின் சீழை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பியது நல்ல வேலை. ரிசல்ட் வரும்போது கேட்டு வாங்குங்கள். நடவு வயலில் பட்ட காயம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?

ஓலைச்சுவடி · வியாழன், மதியம் 1:48

இந்த நோயை ரங்கூனில் கண்டறிந்து 1912-ல் முதலில் எழுதிய இருவரில் ஒருவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. மற்றவரான விட்மோரின் பெயர்தான் நோய்க்கு (விட்மோர் நோய் என்று) நின்றது. அவ்வளவுதான், போய்விடுகிறேன்.

வெண்ணாற்றங்கரை · வெள்ளி, இரவு 7:25

கேட்டேன் சார். நடவு வயல்னு முதல் நாளே எழுதியிருக்காங்க. கல்ச்சர்ல வந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ்தான், நீங்க சொன்ன அந்த வயல் கிருமி இல்ல. மருந்து கேக்குது. வீக்கம் கோட்டுக்கு உள்ள இறங்கிடுச்சு. இன்சுலின் ஆரம்பிச்சிருக்காங்க. நாலஞ்சு நாள்ல விட்டுடுவாங்களாம், அப்புறம் தினமும் டிரெஸ்ஸிங்.

சொந்தக்காரங்க வந்து முட்டை குடுக்காதே, கத்தரிக்காய் குடுக்காதே, கருவாடு கண்ணுலயே காட்டாதேங்கிறாங்க. நிஜமாவே ஆகாதா? எந்தச் செருப்பு வாங்குறது? நடவுக்குப் போகவே கூடாதுன்னு சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க.

நைட் டூட்டி · வெள்ளி, இரவு 8:10

அப்பாடா. முட்டை தாராளமாக் குடுங்க, மீனும் குடுக்கலாம். சதை வளர புரதம் வேணும், பத்தியம்னு வெறும் ரசஞ்சோறு போட்டா புண்ணும் ஆறாது சுகரும் ஏறும். கருவாட்டுல உப்பு அதிகம், பிரஷர் இருந்தா மட்டும் யோசிங்க. கத்தரிக்காய் பாவம், அது ஒண்ணும் பண்ணல.

செருப்புக்கு எம்.சி.ஆர்.னு கேளுங்க, மெத்துனு ரப்பர் அடியோட பின்பக்கம் வார் வச்சது. விரல் இடுக்குல மாட்டுற ஹவாய் வேண்டாம். வாங்கும்போது சாயங்காலம் போங்க, அப்பதான் பாதம் நல்லா வீங்கின அளவுல இருக்கும். வீட்டுக்குள்ளயும் போடணும், கோவில் பிராகாரத்துல மத்தியான வெயில்ல நடக்கக் கூடாது. ராத்திரி படுக்கும்போது பாதத்தடியைக் கண்ணாடி வச்சுப் பாக்கணும், பேரப்பிள்ளை இருந்தா அந்த வேலையைக் குடுத்துடுங்க, ஒரு பொட்டு விடாமச் சொல்லுவாங்க.

நடவு பத்தி எனக்குத் தெரிஞ்சு நல்ல பதில் இல்ல. கம்பூட்ஸ் போட்டா சேறு உறிஞ்சிக்கும், காலை எடுக்கவே முடியாது, குனிஞ்சு நடுறவங்களுக்கு அது சரிவராது. புண் முழுசா ஆறுற வரைக்கும் வயல்ல இறங்கவே கூடாது, அதுல பேச்சே இல்ல. அப்புறமும் முடிஞ்சா களத்து வேலை, நாத்துக்கட்டு எடுத்துக் குடுக்கிற வேலைன்னு கரை மேல இருக்கிறதாப் பாக்கச் சொல்லுங்க.

நாகை இறால் · வெள்ளி, இரவு 8:31

இறால் கம்பெனியில பொம்பளைங்க கையுறை போட்டா கை வேகம் வரலைன்னு கழட்டிடுறாங்க. கிலோக் கணக்குக்குத்தான் கூலி. அவங்களைக் குத்தம் சொல்ல முடியல.

பட்டறை மணி · சனி, காலை 10:20

இன்னைக்குப் பட்டறையில சோப்பு டிஸ்பென்சர் மாட்டியாச்சு, இன்சுலேசன் டேப்பைத் தூக்கி எலக்ட்ரீசியன் பெட்டிக்கே போட்டாச்சு. ஸ்டெரைல் காஸ், பேப்பர் பிளாஸ்திரி, அயோடின் களிம்பு வாங்கி வெச்சிருக்கறேன். கிரீஸ் கன் விசயத்தைப் பசங்களை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டினேன். ஒருத்தன் மெல்ல வந்து, போன வருசம் இப்படித்தான் விரல் நுனியில அடிச்சுது, ரெண்டு நாள் மரத்துக் கிடந்துச்சுங்கறான். தப்பிச்சிருக்கறான்.

டாக்டருங்களே, 1978-க்கு முன்னாடி பொறந்த ஆம்பளைங்கன்னு சொன்னீங்க. எங்கப்பாருக்கு 71. கேட்டுப் பாத்தேன், காயம் பட்டப்ப ஒண்ணொண்ணு போட்டதுதான், முறையாப் போட்டதே இல்லைங்கறாரு. தோட்டத்துக்குத் தினமும் வெறுங்கால்லதான் போறாரு. காயம் படாம சும்மாவே போய்ப் போட்டுக்கலாமுங்களா, இல்ல விரட்டி உட்ருவாங்களா?

ஜி.ஹெச். கத்தி · சனி, மதியம் 12:40

சும்மாவே போகலாம், போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இப்போது வருவதில் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்தே இருக்கும். முதல் ஊசி, நாலு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மூன்றாவது. தேதியை ஒரு அட்டையில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை காயம் பட்டால் டாக்டர் கேட்பதே அந்தத் தேதியைத்தான். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெண்ணாற்றங்கரை, உங்கள் அம்மாவுக்கும், முன்பு முறையாகப் போட்டதற்குச் சான்று இல்லையென்றால், இதே கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை போட்டது முதல் தவணை என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.